வாசகர் கேள்வி, எங்கள் பதில்: மலைவீட்டுக்குள் பாம்பு

மழை தொடங்கிவிட்டால் நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வரும் கடிதங்களில் பாம்பைப் பற்றிய கேள்விகள் கூடிவிடுகின்றன. சமவெளி வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரைகள் மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்கே பாம்புகளும் வேறு, குளிரும் வேறு, மருத்துவமனைக்குப் போகும் பாதையும் வேறு. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

காலை ஆறு மணிக்குக் குளியலறைக் கதவைத் திறந்தால் வாளிக்குப் பின்னால் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. கதவைத் தட்டியும் அசையவில்லை. செத்துவிட்டது என்று நினைத்து வெந்நீர் ஊற்றப் போனபோது தலையைத் தூக்கியது. கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பி கம்பால் அடித்துவிட்டார். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?
வாசகி, கோத்தகிரி

அசையாமல் கிடந்ததற்குக் காரணம் குளிர். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. தரையிலிருந்தும் வெயிலிலிருந்தும்தான் வாங்கிக்கொள்கிறது. விடியற்காலைச் சிமெண்ட் தரையில் அது விறைத்துத்தான் கிடக்கும். ஆனால் கை பட்டால் கடிக்கும். வெந்நீர் ஊற்றினால் சுட்ட வேகத்தில் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அடித்துக் கொன்ற பிறகும் அதன் தலை சிறிது நேரம் அனிச்சையாகக் கவ்வும். செத்த பாம்பை எடுத்துப் போடப் போய்க் கடிபட்டவர்கள் உண்டு.

அடுத்த முறை பாம்பைக் கண்டதும் முதலில் நின்றுவிடுங்கள், பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள். பெரும்பாலான பாம்புகள் தம் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் எட்டிக் கொத்தும். ஆறடி தள்ளி நின்றால் வீட்டுக்குள் வரக்கூடிய எந்தப் பாம்பும் நின்ற இடத்திலிருந்து உங்களை எட்டாது. குழந்தைகளையும் நாயையும் வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, பாம்பு இருக்கும் அறையிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி, அடியிலுள்ள சந்தில் ஈரத் துண்டையோ சாக்கையோ உருட்டி அடையுங்கள். வெளியே போகும் வழி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். குளியலறை என்றால் பெரும்பாலும் தண்ணீர் போகும் துளை வழியாகத்தான் வந்திருக்கும். அந்தத் துளையை மூடாதீர்கள், வந்த வழியே போய்விடும்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. ஒருவர் பாம்பின் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எல்லோரும் கம்பு தேட ஓடிவிட்டுத் திரும்பினால் பாம்பு இருக்காது. பிறகு வீடு முழுவதையும் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். பார்ப்பவர் கதவருகே நின்று, கைபேசியில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர் வனச்சரக அலுவலகத்துக்கோ தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கோ பேசட்டும். இரண்டு அலுவலக எண்களையும் இன்றே ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

பினாயில், மண்ணெண்ணெய், மிளகாய்ப்பொடி எதையும் அதன் மேல் கொட்ட வேண்டாம். எரிச்சலில் அது இன்னும் உள்ளேதான் ஒதுங்கும். பக்கெட்டைக் கவிழ்த்து மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பழகிய கை இல்லையென்றால் அதையும் செய்யாதீர்கள். மூடுவதற்குக் குனிய வேண்டும், குனிந்த முகம் எட்டும் தூரத்துக்குள் வந்துவிடும். பாம்பைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அந்தத் தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

பூண்டுப் பாத்தி கொத்தும்போது மண்ணுக்குள்ளிருந்து பளபளவென்று கறுப்பாக ஒரு பாம்பு வந்தது. பக்கவாட்டில் மஞ்சள் கோடு. தலை எது வால் எது என்று தெரியவில்லை. இது மண்ணுளி, லட்சக்கணக்கில் விலை போகும், பிடித்து வை என்கிறார் ஒருவர். வாலில் முள் இருக்கிறது, குத்தினால் விஷம் என்கிறார் இன்னொருவர். எது உண்மை?
விவசாயி, பூம்பாறை

இரண்டும் இல்லை. மண்ணுளிப் பாம்பு வறண்ட சமவெளி மண்ணில் வாழ்வது. பூம்பாறையின் குளிர்ந்த ஈர மண் அதற்கு ஆகாது. நீங்கள் பார்த்தது கேடயவால் பாம்பு. மண்ணுக்குள்ளேயே பிறந்து, மண்ணுக்குள்ளேயே மண்புழு தின்று வாழும் சிறு பாம்பு; இரண்டு சாண் நீளம் வந்தாலே பெரிது. மஞ்சள் கோடு உள்ளது பழனி மலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கியிருக்கும் இனம். நீலகிரித் தோட்டங்களில் உருளைக்கிழங்கு தோண்டும்போது வரும் பழுப்பு நிறத்தது இன்னொரு இனம்; பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயர் அதற்கு. இந்தக் குடும்பம் முழுவதுமே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. உங்கள் பாத்தியில் கிடப்பதை வேறு நாட்டுக்காரர் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

கூரான பக்கம் தலை; அதைக் கொண்டுதான் மண்ணைத் துளைக்கிறது. சீவினாற்போல் மொட்டையாகச் சொரசொரப்பாக இருப்பது வால். அந்தச் சொரசொரப்பில் மண் ஒட்டிக்கொண்டு, பாம்பு வளைக்குள் போகும்போது பின்னாலேயே அடைப்பான் மாதிரி வழியை மூடிவிடும். கையில் எடுத்தால் வாலையும் தலையையும் மாற்றி மாற்றி அழுத்தும். அதைத்தான் முள் குத்துகிறது என்கிறார்கள். விஷம் கிடையாது. கடிக்கவும் முயலாது.

விலை பேச வருகிறவர் மோசடிக்காரர். மண்ணுளி பெயரைச் சொல்லி முன்பணம் பறிக்கும் கூட்டம் ஊர் ஊராக உண்டு. பாம்பைப் பிடித்து வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

கொத்தும்போது மண்வெட்டியைவிட முள்கொத்து நல்லது. பாம்பு துண்டாவது குறையும். வெளியே வந்துவிட்டால் இலையால் தள்ளி நிழலுள்ள ஈர மண்ணில் விடுங்கள். வெயிலில் விட்டால் சீக்கிரம் செத்துவிடும். மண்புழு நிறைந்த, எருப்போட்ட மண்ணில்தான் இது இருக்கும். உங்கள் பாத்தியில் இது வருகிறதென்றால் மண் நன்றாக இருக்கிறது என்று பொருள். அடைமழை நாட்களில் வளைக்குள் நீர் ஏறுவதால் தார் ரோட்டுக்கு வந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்குவது இதுதான்.

ஊட்டியில் நல்ல பாம்பு கிடையாது, குளிர் தாங்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்பலாமா?
கல்லூரி மாணவர், உதகமண்டலம்

பாதி நம்பலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, கூடலூர் ஏறத்தாழ 1,000. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் ஆகியவை கல்லாறு, பர்லியாறு, மசினகுடி போன்ற தாழ்ந்த சரிவுகளில் இயல்பாக வாழ்பவை. மேலே ஏற ஏற அரிதாகின்றன. ஊட்டி நகர வீட்டில் கண்ணில் படுவது பெரும்பாலும் கேடயவால் பாம்பும் நீரோடையோரத்து விஷமற்ற பாம்புகளும்தான். கொடைக்கானலும் அப்படியே; பெரியகுளம் பக்கம் இறங்கினால் கதை மாறிவிடும்.

அரிது என்பதை அறவே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் செங்கல், வைக்கோல், விறகு லாரிகளில் சமவெளிப் பாம்பும் ஏறி வரலாம். புதிதாக இறக்கிய செங்கல்லை முதல் நாள் வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

உயரத்திலும் விஷமுள்ளவை உண்டு. புல்வெளியில் கல்லடியில் கிடக்கும் ஒரு பழுப்பு நிறக் குழிவிரியன் நீலகிரியின் மேட்டுப் பகுதியில் வாழ்கிறது. கழுத்தின் மேல் குதிரை லாடம் போல வெளிறிய அடையாளம் இருக்கும். கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டுங்கள். அப்போது கல்லே உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் மறைப்பாக நிற்கும்.

தேயிலை பறிக்கும் பெண்ணுக்குக் கைவிரலில் பச்சைப் பாம்பு கடித்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் முழங்கை வரை வீங்கிவிட்டது. மேலே கயிறு கட்டினார்கள், பச்சிலை வைத்தார்கள். மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி போடாமல் கவனித்து மட்டும் அனுப்பினார்கள். ஊசி இல்லாததால்தான் போடவில்லை என்று தோட்டத்தில் பேச்சு. சரியாக என்ன செய்ய வேண்டும்?
தோட்ட மேற்பார்வையாளர், குன்னூர்

இந்தக் கடிதத்துக்குத்தான் மிக விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். மலையில் அடிக்கடி நடப்பது இதுவே. சமவெளிக்காரர்கள் சரியாகச் சொல்லாமல் விடுவதும் இதுவே.

முதலில் பாம்பு எது என்று பார்ப்போம். பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. கொடி போல மெலிந்து, மூக்கு ஊசியாக நீண்டு, கண்மணி படுக்கைக் கோடாக இருப்பது பச்சைப்பாம்பு. அது கண்ணைக் கொத்தும் என்பது வெறும் பேச்சு. மனிதருக்கு அதனால் ஆபத்து இல்லை. உடம்பு தடித்து, தலை முக்கோணமாக அகன்று, கழுத்து ஒடுங்கி, கண்மணி நிமிர்ந்த கோடாக இருந்தால் அது பச்சைக் குழிவிரியன். மூங்கில் விரியன் என்றும் சொல்வார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சிறு குழி இருக்கும். எலி போன்ற இரையின் உடல் சூட்டை அந்தக் குழியால்தான் உணர்கிறது. நீலகிரியில் சில வகை உண்டு. பழனி மலை, ஆனைமலைப் பக்கம் பெரிய செதில் கொண்ட வகை தேயிலை, ஏலத் தோட்டங்களில் வாழ்கிறது.

இந்தப் பாம்பு ஓடாது. ஒரே கிளையில் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். தன் நிறமே தன்னை மறைக்கும் என்ற நம்பிக்கையில் இருப்பது. அதனால் கம்பால் செடியைத் தட்டிவிட்டால் போய்விடும் என்ற வழக்கம் சாரைக்குப் பலிக்கும், இதற்குப் பலிக்காது. பறிக்கும் கை அதன் மேலேயே விழும். கண்ணால் பார்த்துப் பறிப்பதைத் தவிர வழியில்லை. ஓடைக்கரை, வடிகால் ஓரம், நிழல்மரத்தடி, கவாத்து வெட்டாமல் அடர்ந்த செடி ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். செடிக்கு நடுவில் படரும் கொடியைக் கையால் பிடுங்காமல் கொக்கிக் கம்பால் இழுக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழ் வரை ரப்பர் பூட்ஸ் கட்டாயம். கவாத்து வெட்டுபவருக்கு மணிக்கட்டைத் தாண்டி மூடும் தடித்த கையுறை வேண்டும்.

கடித்துவிட்டால்: மோதிரம், வளையல், கைக்கடிகாரம் அனைத்தையும் உடனே கழற்றுங்கள். கால் என்றால் மெட்டி, கொலுசு. வீக்கம் ஏறிய பிறகு அவை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் விரலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். கடிபட்ட கையை எலும்பு முறிந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நேரான ஒரு கவாத்துக் குச்சியை வைத்து, துண்டால் தளர்வாகச் சுற்றி, கழுத்திலிருந்து தொட்டிலாகத் தொங்கவிடுங்கள். நடக்க விடாதீர்கள். சரிவில் வேகமாக இறங்கினால் விஷமும் வேகமாகப் பரவும். இரண்டு நீளக் கம்பும் ஒரு கம்பளியும் இருந்தால் தூக்குப்படுக்கை தயார். அதைப் பறிப்பு நடக்கும் இடத்திலேயே வைத்திருப்பது மேற்பார்வையாளரின் பொறுப்பு. 108-ஐ அழைக்கும்போது வண்டி எந்த ரோட்டுக்கு, எந்த வளைவு வரை வர முடியும் என்று சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரலாம், ஆகவே இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

கயிறு கட்டியது தவறு. பச்சைக் குழிவிரியனின் விஷம் கடித்த இடத்துத் தசையையே தாக்குவது. கயிறு கட்டினால் விஷம் அங்கேயே தேங்கி, ரத்தமும் ஓடாமல், விரலே அழுகிப்போகலாம். ஏற்கெனவே கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வழியில் அவிழ்க்காதீர்கள். மருத்துவர் முன்னால் அவிழ்ப்பதுதான் பாதுகாப்பு. கீறுவது, உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது, விஷக்கல் வைப்பது, சாராயம் கொடுப்பது எல்லாமே கெடுதல். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு மணியைக் குறியுங்கள். கால்மணிக்கு ஒரு கோடு. இந்தக் கோடுகள் மருத்துவருக்குப் பெரிய உதவி.

இப்போது ஊசி விஷயம். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து தயாரிப்பது. அந்த விஷத்தில் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுத்தது. இந்த நான்கில் குழிவிரியன் இல்லை. ஆகவே அந்த மருந்து குழிவிரியன் கடிக்குச் சரியான முறிவு அல்ல. அதேசமயம் குதிரைப் புரதத்தால் சிலருக்கு ஒவ்வாமை வந்து மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் சரியும். பயன் இல்லாத இடத்தில் அந்த ஆபத்தை ஏற்கக் கூடாது என்பதே மருத்துவரின் கணக்கு. மருந்து இல்லாததால் போடவில்லை என்று தோட்டத்தில் பேசுவது, அடுத்த முறை கடிபட்டவரை மருத்துவமனைக்குப் பதில் வைத்தியரிடம் அனுப்பிவிடும். தயவுசெய்து திருத்துங்கள்.

ஊசி இல்லை என்பதால் மருத்துவமனை வேண்டாம் என்றும் ஆகாது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும்: 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியனோ வேறு விரியனோ என்ற சந்தேகம் வரும், சிகிச்சை மாறும். வந்தவுடன் ஒருமுறை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாதவர், எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும், 24 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். சிறுநீர் குறைகிறதா, சிவக்கிறதா என்று கவனியுங்கள்; கூடலூர், தாண்டிக்குடி போன்ற காப்பிப் பகுதிகளில் சருகுக்குள் கிடக்கும் எடுப்பான மூக்குக் குழிவிரியன் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்கும் நம் மருந்து முறிவல்ல.

பாம்பைக் கொண்டுபோக வேண்டாம். எட்ட நின்று எடுத்த படமும், ‘பச்சை, தடித்த உடம்பு, செடி மேல் இருந்தது’ என்ற மூன்று சொல்லும் போதும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. கடிபட்டவர் மருத்துவமனைக்குப் போனால்தான் அந்தக் கணக்கில் ஏறுவார். எந்த மலையில் என்ன பாம்பு கடிக்கிறது என்பது அப்போதுதான் அரசுக்குத் தெரியும்.

வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டியிருக்கிறோம், சுற்றிலும் சிறியாநங்கை வைத்திருக்கிறோம், வாரம் ஒருமுறை பூண்டு இடித்துத் தெளிக்கிறோம். போதுமா?
வாசகி, தாண்டிக்குடி

பாம்பைத் தடுக்க இவை எதுவும் உதவாது. பாம்பு நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள வாசத்தை எடுத்து, மேல்வாயிலுள்ள உறுப்பால் அறிகிறது. அது தேடுவது எலியின் தடத்தை. எலி இருக்கும்வரை பூண்டு வாசத்தைத் தாண்டி வரும். சிறியாநங்கைப் புதர் அடர்ந்தால் அதனடியிலேயே தவளை பிடிக்கப் படுத்திருக்கும். கார்பாலிக் அமிலம் தெளிப்பதையும் நிறுத்துங்கள்; பாம்பு போகாது, குழந்தையின் தோல் வெந்துபோகும். கிழங்கை நம்பிக்கைக்காகக் கட்டுவது உங்கள் விருப்பம். அது இருக்கிறது என்று கதவடிச் சந்தை அடைக்காமல் விடுவதுதான் தவறு.

லைன் வீடு. தகரக் கூரை, பின்னால் கல்கட்டு, பக்கத்தில் விறகு, கோழிக்கூண்டு. எங்கிருந்து தொடங்குவது? செலவு அதிகம் செய்ய முடியாது.
வாசகர், கூடலூர்

கதவிலிருந்து தொடங்குங்கள். கதவடிச் சந்தில் ஒரு பென்சில் நுழைந்தால் குட்டிப் பாம்பு நுழையும். பழைய சைக்கிள் டியூபையோ ரப்பர் பட்டையையோ கதவின் அடியில் ஆணியடித்துத் தரையை உரசும்படி விடுங்கள். குளியலறை, சமையலறைத் தண்ணீர் போகும் துளைகளுக்கு இரும்புச் சல்லடை மூடி. கண் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கழிப்பறைக் காற்றுக் குழாயின் உச்சிக்கும், பழைய பங்களாக்களின் மரத்தரைக்கு அடியிலுள்ள காற்றோட்டத் துளைகளுக்கும் அதே கம்பிவலை.

சுவர் வெடிப்பையும் எலிவளையையும் அடைப்பதற்கு முன், கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகி மூன்று நாள் விடுங்கள். தாள் நகர்ந்திருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது வெளியேறும்வரை பொறுங்கள். நகரவில்லை என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலந்து பூசலாம். அவசரப்பட்டு மூடினால் பாம்பு வீட்டுப் பக்கமாகத் துளை தேடும்.

கல்கட்டு விஷயத்தில் ஒரு முக்கிய எச்சரிக்கை. கற்களின் இடுக்கில் பாம்பு இருக்கிறது என்று கட்டு முழுவதையும் சிமெண்ட் பூசி மூடிவிடுகிறார்கள். நீர் வடியும் துளைகள் அடைபட்டால், அடைமழையில் பின்னாலுள்ள மண் நீரைக் குடித்து உப்பி, கட்டே வீட்டின் மேல் சரியும். துளைகளை மூடாதீர்கள், உட்பக்கம் ஜல்லியும் வாய்க்குக் கம்பிவலையும் வையுங்கள். மற்ற இடுக்குகளை மட்டும் பூசுங்கள். கட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் சருகு சேரவிடாமல் வாரம் ஒருமுறை கூட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விறகை வீட்டிலிருந்து பத்தடி தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி அடுக்குங்கள். அடியில் வெளிச்சம் தெரிய வேண்டும். இருட்டில் விறகெடுக்கக் கையை உள்ளே விடாதீர்கள். அன்றைக்கு வேண்டியதைப் பகலிலேயே எடுத்து வைத்துவிடலாம். கோழித் தீவனம், உருளைக்கிழங்கு மூட்டை எல்லாம் எலிக்கு விருந்து. தீவனத்தைத் தகர டின்னில் போட்டு மூடுங்கள். எலிக்கு நஞ்சு வைக்காமல் பொறி வையுங்கள், நஞ்சு தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். கூரையைத் தொடும் கிளைகளை மூன்றடி தள்ளி வெட்டுங்கள்.

கூடலூர் உயரத்தில் கட்டுவிரியனும் வரலாம் என்பதால் மழைக்காலத்தில் தரையில் படுக்க வேண்டாம். கட்டிலும், விளிம்பைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் அதற்கு நல்ல காப்பு. கட்டுவிரியன் தூங்குகிறவரைக் கடிக்கும். பல நேரம் வலியோ வீக்கமோ தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்று யாராவது சொன்னால் கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். சுவரில் ஏறும் பழுப்புப் பாம்பு, கழுத்திலிருந்தே பட்டைகள் தொடங்கி வால் பக்கம் மங்கினால், அநேகமாக விஷமற்ற வெள்ளிக்கோல் வரையன். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வெறுமையாக இருந்து, பிறகு வால் வரை மெல்லிய வெள்ளை வளையங்கள் இரண்டிரண்டாக வரும். வித்தியாசம் தெரிந்தாலும் கையால் தொட இது காரணமாகாது.

ஸ்ட்ராபெரிப் பாத்தியின் நைலான் வலையில் பெரிய சாரை சிக்கிவிட்டது. அறுத்துவிடலாமா?
வாசகர், கொடைக்கானல்

பாம்பின் உடலில் சிக்கிய நூலை நீங்களே அறுக்க வேண்டாம். விஷமில்லாவிட்டாலும் சாரை பலமாகக் கடிக்கும். மீட்பவர் வரும்வரை அதன் மேல் நிழல் விழும்படி ஒரு சாக்கைக் கம்பால் போர்த்தி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பாம்பைச் சுற்றி ஒரு முழம் விட்டு வலையை அறுத்துத் தனியாக்கினால் இழுபறி குறையும். வலையைப் பிடித்து இழுத்தால் நூல் செதிலுக்கடியில் இன்னும் இறங்கும். அடுத்த முறை வலையைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, அடிவிளிம்பைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்துங்கள். தரையில் தளர்ந்து கிடக்கும் வலைதான் பாம்பைச் சிக்கவைக்கிறது.

சாயங்காலம் உருளைக்கிழங்கு வேகும் வாசம் வந்தால் பக்கத்தில் பாம்பு இருக்கிறது என்பார்கள். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கே விளைகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?
ஏழாம் வகுப்பு மாணவி, கேத்தி

பாம்பு அப்படி வாசம் விடுவதில்லை, கண்ணு. சமவெளியிலும் மலையடிவாரத்திலும் பூலாஞ்செடி என்று ஒன்று உண்டு. அதன் பூ மாலை நேரத்தில் சரியாக வெந்த உருளைக்கிழங்கு வாசம் வீசும். அந்தப் பேச்சு அங்கிருந்து வந்திருக்கலாம். உங்கள் ஊரில் அந்த வாசம் வந்தால் அடுப்பைப் பார்த்தால் போதும்.

பரணில் பாம்புச் சட்டை கிடந்தது. என்ன பாம்பு என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?
வாசகி, வெலிங்டன்

கிழியாமல் இருந்தால் ஓரளவு முடியும். உரியும்போது இழுபடுவதால் சட்டை பாம்பைவிட நீளமாகவே இருக்கும். அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தலைப் பகுதியில் பெரிய தட்டுகளாகச் செதில் இருந்தால் சாரை, நல்ல பாம்பு, வரையன் போன்றவற்றில் ஒன்று. பொடிப் பொடியாக இருந்தால் விரியனாக இருக்கலாம். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருந்து, வாலின் அடிப்புறச் செதில்கள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றையாக இருந்தால் கட்டுவிரியனைச் சந்தேகியுங்கள். சட்டையைக் குச்சியால் எடுத்து, கசங்காமல் தாளில் வைத்து வனத்துறையிடம் காட்டுங்கள். சட்டை கிடந்த இடத்தில் மாவு தூவி, மறுநாள் காலை தடம் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்து வளைந்து போன தடம் இருந்தால் அது இன்னும் பரணில்தான் இருக்கிறது.